துளைக்குள் வார்ந்த ஈயம்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நெடுங்காலமாக வசிக்கும் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். உருக்குப் பரப்பொன்றில் ஒரு துளை. அந்தத் துளையை மங்கிய சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. "அத்தான், இது என்னெண்டு உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் கீழே எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்தச் சாம்பல் நிறத்தைக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், அப்பாவின் காற்சட்டைப் பையிலும் நகக்கண்களிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறேன். அது அச்சு ஈயம். அது அடைத்துக்கொண்டிருந்த இடம் ஒரு கைத்துப்பாக்கியின் குழல் என்பதை, அவன் அழைத்துச் சொன்ன பிறகே அறிந்தேன்.

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அவன் "துவக்கு", "ரவை" என்று உரத்துப் பேசத் தொடங்கியதும் மனைவி எழுந்துபோய் வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். வெள்ளவத்தையில் இந்தச் சொற்களைச் சத்தமாகப் பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் கை தானாக ஜன்னலைத் தேடுகிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள இந்த நாட்டில், மச்சான் வைத்திருப்பது போன்ற ஒரு துப்பாக்கியை நான் கையில் தூக்கிப் பார்த்ததும் இல்லை. பாடசாலை நாட்களில் கடேற் படையில் .22 றைபிளால் அட்டையைச் சுட்டதே என் மொத்த அனுபவம். ஆகவே கடைசல் பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றவன் என்ற உரிமையிலும், அச்சுக்கோப்பவர் ஒருவரின் மகன் என்ற உரிமையிலும்தான் இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். முழு உருப்படியைத் தோட்டா என்றும், அதன் நுனியிலிருந்து பறந்துபோகும் உலோகத்தை ரவை என்றும், பின்தங்கும் பித்தளையைக் கோது என்றும் குறிப்பிடுவேன். (ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்ற பழமொழி ஒரு தோட்டாவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை மச்சானுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கும் மனநிலையில் இருக்கவில்லை.)

அவனிடம் இருப்பது டெசேர்ட் ஈகிள் என்ற பெரிய கைத்துப்பாக்கி, .44 மக்னம் என்ற வலிமை கூடிய தோட்டாவுக்கானது. மினசோட்டா மாநிலத்தின் மக்னம் ரிசேர்ச் நிறுவனத்தைச் சேர்ந்த பேர்னாட் வைட் என்பவர் இதன் அடிப்படை வடிவமைப்புக்கு 1983இல் காப்புரிமை கோரினார். பின்னர் இஸ்ரேலிய இராணுவத் தொழிற்சாலை அதைச் செம்மைப்படுத்தி உற்பத்தி செய்தது. எடை ஏறத்தாழ 2 கிலோ. சாதாரணக் கைத்துப்பாக்கிகளில் சுட்டவுடன் குழலும் மேலே உள்ள ஸ்லைடும் ஒன்றாகச் சிறிது பின்வாங்கிப் பிறகு பிரியும். அந்தப் பின்னுதைப்பே வெற்றுக்கோதை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். மக்னம் தோட்டாவின் அழுத்தமோ சதுர அங்குலத்துக்கு 36,000 இறாத்தல் வரை போகக்கூடியது. அதைத் தாங்க இந்தத் துப்பாக்கியில் குழல் அசையாமல் நிற்கிறது. தோட்டாவின் பின்புறத்தைச் சுழன்று பூட்டும் ஒரு பூட்டு மூடுகிறது. பூட்டைத் திறக்கும் வேலையை வெடிமருந்தின் வாயு செய்கிறது. பொதுவாகப் போர் றைபிள்களில் காணப்படும் ஏற்பாடு இது. கைத்துப்பாக்கிக்குள் அதை அடக்கியது கெட்டிக்காரத்தனம்தான்.

அந்த வாயு போகும் வழிதான் நம்முடைய விடயம். தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால், குழலின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. ரவை அதைத் தாண்டியதும் வாயுவின் ஒரு பங்கு துளைக்குள் இறங்கி, குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட கால்வாய் வழியாக முன்னே போய், குழலின் வாய்க்கு அருகே உள்ள சிறு உருளைக்குள் புகுந்து, அங்கே ஸ்லைடோடு சேர்ந்துள்ள பிஸ்டனைப் பின்னே தள்ளுகிறது. முன்னே போய்த் திரும்பிப் பின்னே தள்ளுவது சுற்றுவழிபோலத் தோன்றும். ஆனால் அந்த வழி எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் ரவை குழலை விட்டு வெளியேறி, உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பூட்டுத் திறந்தால் ஆபத்தில்லை. இவை எல்லாம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் நடந்து முடிகின்றன.

மச்சான் சிக்கனக்காரன். செம்பு உறை போர்த்த ரவைகளின் விலை அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. அரிசோனாவில் மூடப்பட்ட சிற்றூர் அச்சகம் ஒன்றிலிருந்து, எழுத்துகளை வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகப் பாளங்களை யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு தொகை வாங்கி, வீட்டுக் கராஜில் உருக்கி, அச்சில் வார்த்து, மெழுகு பூசித் தானே ரவைகள் செய்துகொண்டான். முதலில் தன் ரிவோல்வரில் பல நூறு சுட்டான். எந்தக் குறையும் இல்லை. அதே ரவைகளை இந்தத் துப்பாக்கியில் போட்டபோது முதல் சில ரவைக்கூடுகள் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் கூடுகள்) ஒழுங்காக ஓடின. பிறகு ஸ்லைட் பாதிவழியில் நின்றது. அதன் பிறகு அசையவே மறுத்தது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றவேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தது. செப்புறை இல்லாத ஈய ரவைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளரின் கைந்நூலில் எழுதியிருப்பதை அவன் வாசித்திருந்தான். "அது மெத்தின ஈயத்துக்குச் சொன்னது அத்தான். லைனோடைப் கல்லுமாதிரி இறுக்கம்" என்பது அவனுடைய வாதம்.

அந்த வாதம் முற்றிலும் தவறானதல்ல. தமிழில் நாம் ஈயம் என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். மீன்வலையின் அடியில் தொங்கும் குண்டு காரீயம். அச்சு ஈயத்தில் இவை இரண்டோடு அந்திமனியும் சேரும். கண்ணுக்கு மை தீட்டப் பயன்பட்ட அஞ்சனக்கல்லிலிருந்து எடுக்கப்படும் உலோகம் அது. லைனோடைப் கலவை ஏறத்தாழ நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு அந்திமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய காரீயத்தின் கடினம் பிரினல் அளவையில் 5 என்றால், இந்தக் கலவைக்கு 22 அளவில் வரும். நகத்தால் கீறக்கூடிய உலோகம், கீறமுடியாததாகிவிடுகிறது. அமெரிக்காவில் வீட்டில் ரவை வார்ப்பவர்கள் பழைய அச்சகங்களின் உலோகத்தைத் தேடி அலைவதற்குக் காரணம் அதுதான்.

அப்பா வேலை செய்த அச்சகத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு லைனோடைப் இயந்திரமும், தமிழுக்குக் கையால் அச்சுக்கோக்கும் மேசைகளும் இருந்தன. அப்பா தமிழ்ப் பக்கம். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் இயந்திரத்திலிருந்து வந்த பழைய வரிப் பாளங்களை மறுபடி உருக்கும் வேலை அவருக்கும் இன்னொருவருக்கும் விழும். நான் சில வேளை சாப்பாட்டுக் கரியருடன் போய் வாசலில் நின்று பார்ப்பேன். இரும்புத் தாழியில் உலோகம் இளகியதும் மேலே ஆடைபோலக் கசடு படரும்; அதை அகப்பையால் வழித்து ஒதுக்குவார்கள். பிறகு அந்த வெள்ளிப் பரப்பில் கூரையின் மின்விளக்குத் தெரியும். "இது சட்டென்று இளகும், சட்டென்று உறையும். அதுதான் இதன் கெட்டித்தனம்" என்று அப்பா சொல்வார். ஒட்மார் மேர்கன்தாலர் உருவாக்கிய இயந்திரம் 1886இல் நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் முதன்முதலாக வேலைக்கு இறங்கியது. ஒவ்வொரு வரியையும் அந்தந்தக் கணத்திலேயே உருக்கி வார்த்துத் தள்ளவேண்டிய இயந்திரம் அது. ஆகவே குறைந்த சூட்டில் உருகுவதும், ஒடுங்கிய அச்சுக்குள் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்புவதும், சுருங்காமல் உடனே இறுகுவதுமான உலோகம் அதற்குத் தேவைப்பட்டது. தூய காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். லைனோடைப் கலவை 240 பாகைக்கு அண்மையிலேயே உருகிவிடும்.

மச்சானின் கணக்குப் பிழைத்த இடம் இதுதான். கடினம் கூடினால் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும் என்று அவன் எண்ணிக்கொண்டான். அச்சு ஈயத்தில் நடப்பது நேரெதிர். கடினம் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. உருகுநிலையோ ஏறத்தாழ 90 பாகை கீழே இறங்கியிருக்கிறது. ரவையை உறையாகப் போர்த்தும் செம்பு 1,085 பாகை வரை உருகாது. துளைக்குள் பாயும் வாயுவின் சூடு 2,000 பாகையைத் தாண்டும்.

அப்படியானால் ரிவோல்வரில் ஏன் குறை தெரியவில்லை என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. மக்னம் தோட்டாவின் வரலாறே ஈய ரவையின் வரலாறுதான். ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் 1920களிலிருந்து .44 ஸ்பெஷல் தோட்டாவில் கனமான வார்ப்பு ரவைகளை வேகமாகச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, அதைவிட வலிமையான ஒன்றைச் செய்யும்படி நிறுவனங்களை நச்சரித்ததன் பலனாகவே 1955ஆம் ஆண்டின் இறுதியில் .44 மக்னம் வந்தது. ரெமிங்டன் அதற்கு முதலில் விற்ற தோட்டாவில் இருந்ததும் ஈய ரவைதான். அடியில் மட்டும் ஒரு சிறு செப்புக் கிண்ணி கவ்வியிருக்கும். கேஸ் செக் என்று அதற்குப் பெயர். வாயுவின் நாக்கு ரவையின் அடி விளிம்பை அரிக்காதபடி அது காக்கும். ரிவோல்வரின் குழலில் துளை இல்லை. ரவை உள்ளே நுழைகிறது, வெளியே போகிறது. போகிற வழியில் சிறிது ஈயம் குழலில் ஒட்டினாலும் பின்னேரம் தூரிகை போட்டுத் தேய்த்தால் சரி. பறப்பதைத் தவிர அந்த ரவைக்கு வேறு வேலை கிடையாது.

வாயுவால் இயங்கும் துப்பாக்கியில் ரவைக்கு இரண்டாவது வேலையொன்று இருக்கிறது. அது ஒரு வால்வு. துளையின் மேல் ரவையின் உடல் நிற்கும் கணம் வரை துளை மூடியிருக்கிறது. ரவையின் அடி துளையைத் தாண்டும் கணத்தில் திறக்கிறது. பட்டறையில் இருந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: வால்வு ஒன்று தன் இருக்கையின் கூர்விளிம்பில் உரசிக்கொண்டு போனால் எது மிருதுவானதோ அது சீவப்படும். பல்லாயிரம் இறாத்தல் அழுத்தம் பின்னாலிருந்து ரவையை உப்ப வைக்கிறது; உப்பிய ஈயம் துளையின் வாய்க்குள் சற்றுப் பிதுங்குகிறது; அடுத்த கணம் துளையின் விளிம்பு அதைச் சீவுகிறது. ரவை கடினமாக இருந்தால் பிதுங்குவது குறையும் என்பது உண்மை. மச்சானின் வாதத்தில் அந்த அளவு நியாயம் இருந்தது. ஆனால் ரவை தாண்டிய மறுகணம், உலையிலும் சூடான வாயு அந்தச் சீவல்களையும் அடிவிளிம்பில் இளகிய துளிகளையும் மெழுகின் புகைக்கரியையும் வாரிக்கொண்டு துளைக்குள் பாய்கிறது. கால்வாயின் உருக்குச் சுவரோ அப்போது குளிர்ந்திருக்கிறது. பட்ட இடத்தில் ஈயம் உறைகிறது. செப்புக் கிண்ணி ரவையின் அடியைத்தான் காக்கும். விலாவைக் காக்க அதற்கு வழியில்லை.

முதல் நூறு சூட்டில் இதன் அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம் என்பதுதான் ஏமாற்று. துளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். பிஸ்டனுக்குப் போகும் வாயு குறையும். ஸ்லைட் முழுத் தூரம் போகாமல் திரும்பும், கோது சிக்கும். தோட்டாவில் குறையோ, ரவைக்கூட்டின் சுருள்வில்லில் குறையோ என்று சுடுபவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். மச்சான் இரண்டு ரவைக்கூடுகளை மாற்றிப் பார்த்த பிறகே குழலைக் கழற்றினான்.

துளை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே இவ்வளவும் என்பதற்கு ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. 1936இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கரண்ட் (Garand) என்ற போர் றைபிளும் வாயுவால் இயங்குவதுதான். அதில் கேஸ் செக் வைத்த வார்ப்பு ரவைகளை மென்மையான அளவில் சுட்டு மகிழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அதன் வாயுத்துளை 24 அங்குலக் குழலின் வாய்க்கு அருகே இருக்கிறது. ரவை அங்கே வந்து சேரும்போது அழுத்தமும் சூடும் பெரிதும் தணிந்திருக்கும். உருளையும் கழற்றித் துடைக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. டெசேர்ட் ஈகிளில் துளை அறைக்குப் பக்கத்தில், வாயு மிக மூர்க்கமாக இருக்கும் இடத்தில், கையோ தூரிகையோ எட்டாத கால்வாயின் தொடக்கத்தில் இருக்கிறது. மக்னம் வகையில் 1971இல் வந்த ஓட்டோ மக், பிறகு வந்த கூனன், கிரிஸ்லி ஆகிய கைத்துப்பாக்கிகள் பின்னுதைப்பால் இயங்குபவை. குழலில் துளை கிடையாது. ஈயம் அவற்றில் வேறு தொல்லை தரலாம், இந்தத் தொல்லையைத் தராது. மச்சானின் குழலில் இன்னொரு விடயமும் இருக்கிறது: ரவையைச் சுழலவைப்பதற்கான உட்புற முறுக்கு, கூர்விளிம்புப் பள்ளங்களாக இல்லாமல் உருண்ட பலகோணமாக இருக்கிறது. அத்தகைய குழல்களில் ஈயம் படிந்து அழுத்தம் ஏறும் என்ற எச்சரிக்கை உண்டு. அதைப் பற்றி வாதாடுபவர்களும் உண்டு. என் கணிப்பில் இங்கே அது இரண்டாம் காரணம். பள்ளங்கள் எந்த வடிவில் இருந்தாலும் அந்தத் துளை அடைத்துக்கொண்டே இருக்கும்.

அடைப்பை எடுக்க அவன் சொன்ன முதல் யோசனை என்னைப் பதறவைத்தது. துளைக்குச் சரியான அளவில் ட்ரில் அலகு ஒன்றைக் கைத்துரப்பணத்தில் மாட்டி இறக்கப் போகிறானாம். ஈயத்தில் இறங்கும் அலகு மிக எளிதாகப் பக்கவாட்டில் அலையும். உருக்கைத் தொட்டால் துளை அகலும். துளை அகன்றால் பிஸ்டனுக்குப் போகும் வாயு கூடி, ஸ்லைட் தேவைக்கு அதிகமான வேகத்தில் பின்னே வந்து அடிக்கும். அடைபட்ட துளையைத் திரும்பத் திறக்கலாம், அகன்ற துளையைச் சுருக்க முடியாது என்று சொன்னேன். இரண்டாவது யோசனை வினாகிரியும் ஐதரசன் பெரொட்சைட்டும் கலந்து குழலை ஊறவைப்பது. ஈயம் கரையும் என்பது உண்மை. கரைந்து வருவது ஈய அசற்றேற்று. உடலுக்குள் எளிதில் போகும் நஞ்சு. கூடுதல் நேரம் விட்டால் உருக்கையும் அரிக்கும். பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அந்தத் திராவகத்தை எங்கே ஊற்றுவாய் என்று கேட்டேன். அதன் பிறகு அவன் பேசவில்லை.

இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது; மனைவி சாத்திய ஜன்னலை மறுபடி பார்த்தாள். காரணம் அப்பாவின் அச்சகம்தான். அங்கே உருக்கும் வேலை செய்தவர்களுக்கு ஒரு கோப்பைப் பால் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அப்பாவோடு உருக்கியவருக்கு ஈறின் ஓரத்தில் மெல்லிய நீலக்கோடு ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது ஈயம் உடலில் ஏறியதன் அடையாளம் என்பதை வளர்ந்த பிறகே வாசித்தறிந்தேன். பாலால் நடந்தது எதுவுமில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தால், சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவியிருந்தால் ஏதாவது நடந்திருக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மச்சானின் கராஜில் காற்றோட்ட விசிறி இருக்கிறதா என்று கேட்டேன். கதவைத் திறந்துதான் உருக்குகிறேன் என்றான். கசடை எங்கே கொட்டுகிறாய் என்றதற்குப் பதில் வரவில்லை.

ரவைகளின் மேல் பிளாஸ்டிக் தூள் பூசி அடுப்பில் வாட்டிச் சுடலாமே என்பது அவனுடைய கடைசித் தப்புவழி. ரிவோல்வரில் அந்தப் பூச்சு நன்றாகவே வேலை செய்கிறது. மெழுகுப் புகை குறைகிறது, குழலும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் துளையின் கூர்விளிம்பு பூச்சைச் சீவாமல் விடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. சீவிய பின் உள்ளே இருப்பது அதே ஈயம். அவனுக்கு ஒரு துப்பாக்கிதான் இருந்திருந்தால் ஒருவேளை அவனோடு சேர்ந்து வழி தேடியிருப்பேன். ரிவோல்வர் ஒன்று கையிலிருக்க, ஈயத்தை இதில் திணிக்க என்ன அவசரம்?

குழலை அவன் துப்பாக்கி திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்தான். இரண்டு கிழமை கழித்து வந்த கூலிச் சீட்டைப் பார்த்தால், அந்தப் பணத்துக்குச் செப்புறைத் தோட்டாக்கள் பல பெட்டி வாங்கியிருக்கலாம். இப்போது லைனோடைப் பாளங்கள் எல்லாம் ரிவோல்வருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மற்றதற்குக் கடைத் தோட்டா, அதுவும் மாதம் ஒருமுறை. விசிறி ஒன்றும் பூட்டியிருக்கிறான், படம் அனுப்பினான்.

அதற்கு முன்பே இன்னொரு படமும் வந்திருந்தது. திருத்துபவர் துளையிலிருந்து சிதையாமல் தள்ளியெடுத்த அடைப்பை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து எடுத்த படம். அரிசிமணியிலும் சிறியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துளையின் சுவரில் ட்ரில் விட்டுச்சென்ற மெல்லிய வளையக் கோடுகள்கூட அதன் விலாவில் ஒன்று விடாமல் பதிந்திருந்தன. மேல் விளிம்பு புதிதாக வார்த்த எழுத்தின் முகம்போலக் கூராக நின்றது. அப்பா இருந்திருந்தால் தன் கண்ணாடிவில்லையை எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார், வார்ப்பில் குறை சொல்லியிருக்க மாட்டார்.